நாடகச் சொற்களும் நம் நாட்டுக் கூத்தும்

தமிழ் இயல், இசை, நாடகம் என முத்திறப்படும் என்பதனைப் பள்ளியிற் பயிலும் சிறாரும் ஒப்பிப்பர். ஆயினும், மூன்றாவதாகிய நாடகத்தைப் பற்றித் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எம்மை ஒருவர் வினவுவாராயின், யாம் ஆங்கில நூல்களிற் கற்ற சொற்களைத் தமிழெழுத்தாற் சொல்லி அமைகின்றோமேயன்றி, அவற்றுக்குத் தமிழில் உரிய பெயர் யாதெனத் தேடுகின்றோமில்லை. திரையைக் 'கர்ட்டன்' என்றும், களத்தை 'ஸீன்' என்றும், தனிமொழியைச் 'சாலிலக்கி' என்றும், கதை முறுகி நிற்கும் இடத்தைக் 'கிளைமாக்ஸ்' என்றும் வழங்கி வருகின்றோம். இவ்வழக்கை வெறுப்பார் சிலர் புதுச்சொற்களை நாள்தோறும் ஆக்கித் தருகின்றனர். அவற்றுட் பல, ஆங்கிலச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கொரு தமிழ்ச்சொல் இட்டுத் தைத்தவை. மேடையேறி ஆடியார் வாயிற் பிறந்தவை அல்ல. ஆதலின் அவை தேர்வுத்தாளிற் பிறந்து தேர்வுத்தாளிலேயே மடிகின்றன.

நாடகத்துக்கு வேண்டும் அடிப்படைச் சொற்களிற் பெரும்பாலன இரண்டிடங்களில் முன்னரே உள்ளன என்பது எம் கொள்கை. ஒன்று, சிலப்பதிகாரமும் அதன் உரைகளும். மற்றொன்று, பொருநைக் கரையூர்களில் இன்றும் ஆடியும் பாடியும் வருவோர் நாவு. முன்னதனைக் கற்றோர் பின்னதனை நோக்கார். பின்னதனை அறிந்தோர்க்கு முன்னது எட்டாதது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துக் காணும் வாய்ப்பு தமிழ் பயிலும் மாணவர்க்கே உண்டு. அதனை யாம் பயன்படுத்துகின்றிலேம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வழக்கு.

முதற்கண் அரங்கினை நோக்குவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஆடுதற்கென அமைத்த அரங்கின் நீளம், அகலம், உயரம், வாயில், விளக்கு, திரை, விதானம் ஆகிய அனைத்தும் ஓரிடத்தே கூறப்பட்டுள்ளன. அரங்கை அளக்கும் கோலுக்குரிய மூங்கில் மலையிடத்து வளர்ந்ததாய், கணுவுக்குக் கணு ஒரு சாண் உடையதாய் இருத்தல் வேண்டும். அம்மலை பொதியில் போல்வது என உரைகாரர் கூறுவர். அரங்கின்மேல் ஓவியம் எழுதிய விதானம் கட்டி, அதனின்று முத்துமாலைகளைத் தொங்கவிடுதல் வேண்டும் என்பதும் ஆண்டே கூறப்படும். பொதியில் பொருநை பிறக்குமிடம்; முத்தோ அவ்வாறு கடலொடு கலக்குமிடத்துக் கொற்கையின் செல்வம். மாதவி ஆடியது சோணாட்டுப் புகாரிலேயாயினும், அவ்வரங்கினை அளந்த கோலையும் அதன்மேல் அசைந்த முத்தையும் எம் ஆற்றின் தலையோடும் வாயோடும் சேர்த்து எண்ணி யாம் மகிழ்வதில் தவறில்லை என்க. 'முத்து என்றதன்றிக் கொற்கை முத்து என நூல் கூறிற்றில்லையே' என எம் நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். அக்காலத்துத் தமிழகத்திற் புகழ்பெற்ற முத்து எனின் கொற்கைத் துறை முத்தே முன்னிற்றல் சங்கப் பாடல்கள் பலவற்றாற் போதரும் என்பது எம் விடை. அவர் அமைதியுற்றாரல்லர், அது நிற்க.

அக்கொற்கை இன்று கடலினின்று சில கல் தொலைவு உள்ளே ஒதுங்கி, தூத்துக்குடி மாவட்டத்திற் சிற்றூராய்க் கிடக்கின்றது. கால்டுவெல் ஐயர் அதனை யவன ஆசிரியர் குறித்த துறையென நிறுவி, அங்கு அகழ்ந்தும் பார்த்தார். 1968-ஆம் ஆண்டிலும் பின்னரும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரும் அகழ்ந்தனர். மண்ணுள் உடைந்து கிடக்கும் ஓட்டுக்கு இத்தனை மதிப்பிருக்க, உயிரோடு உலவும் ஒரு சொல்லைக் கேட்டெழுதுவார் அரியராதல் வியப்பே.

அரங்கின் அளவு பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனின் இதனைக் கணக்கிட்டுப் பாராது ஒப்பிப்பவரே பலர். கோல் ஒன்றுக்கு விரல் 24. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். அரங்கின் தரைப்பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். வாயில்கள் இரண்டு. விரல் என்பதனை முக்கால் அங்குலமாகக் கொள்ளின் கோல் ஒன்றரை அடியாகும். அங்ஙனமாயின் அரங்கு பத்தரை அடி அகலமும் 12 அடி நீளமும் உடையதாய், ஆடுவாள் தலைக்குமேல் உள்ள இடமெல்லாம் சேர்த்து 6 அடியே உடையதாகும். தலைக்கோலம் புனைந்தவள் கையுயர்த்தி ஆடுதற்கு இது போதுமோ? உரைகாரர் பெருவிரல் என்றே கூறுவர். பெருவிரலை ஓரங்குலமாக வைத்துக் கணக்கிடின், கோல் இரண்டடியாய், அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி, இடைவெளி 8 அடி என வருகின்றது. ஆடுதற்கு இதுவே ஏற்குமென எமக்குத் தோன்றுகின்றது. இக்காலத்துக் கல்லூரி மண்டபங்களின் மேடைகளோ இதனினும் மிகப் பெரியன; அவற்றில் மூவர் நின்று மெல்லப் பேசவேண்டிய இடத்தும், அக்கரையினின்று தோணிக்காரனைக் கூவுவார் போலப் பேசுதலைக் கண்டோர் பலர். பழையோர் அரங்கைச் சிறிதாக அமைத்தமைக்குக் காரணம் உண்டு போலும். தூணின் நிழல் அரங்கினுள் விழாது புறத்தே விழுமாறு விளக்கை வைக்கச் சொன்னமையும் அத்தகைய அறிவின்பாற் பட்டதே.

திரைக்கு வருவோம். சிலப்பதிகாரம் கூறும் எழினிகள் மூன்று: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கத் தூணினின்று உருவி இழுக்கப்படுவது முதலாவது. இரு பக்கத்தினின்றும் வந்து நடுவே ஒன்றோடொன்று முட்டுவது இரண்டாவது. பொருதல் என்பது முட்டுதலாகலின் பொருமுகம் எனப் பெயர் பெற்றது. மேற்கட்டாக மறைந்திருந்து தோன்றுவது மூன்றாவது. இக்கால மேடைகளில் உள்ள திரைகளும் இம்மூவகையுள் அடங்குவனவே. 'கர்ட்டன்' என்னும் ஒரு சொல்லால் மூன்றனையும் சுட்டி, பின்னர் 'பக்கத்திலிருந்து இழுப்பது', 'மேலேயிருந்து விடுவது' என்று கைகாட்டி விளக்கும் இடர் நமக்கு எதற்கு? இதனாற் பேச்சு வழக்கிலும் 'எழினி' என்றே சொல்லுதல் வேண்டும் என யாம் கூறவில்லை. திரை என்பது எளிய சொல், அதனை யாரும் அறிவர், அது போதும். நாடகக்காரர் 'படுதா' என்பதும் இருக்கட்டும். வகை பிரித்துச் சொல்ல வேண்டுமிடத்து மட்டும் பழஞ்சொற்களை எடுத்தாளுதல் தகும். வழக்கிலுள்ள நல்ல சொல்லைத் துரத்திவிட்டு அதன் இடத்தில் வழக்கிறந்த சொல்லைக் குடியேற்றுதல் தமிழ்ப்பற்றுக்கு அடையாளமென எண்ணுவாரோடு எமக்கு உடன்பாடில்லை.

அரங்கில் வலம், இடம் என்னும் சொற்களும் தொல்லை தருவன. பயிற்றுவோர் 'வலப்புறம் செல்க' எனின், நடிப்போன் தன் வலமோ காண்போர் வலமோ என மயங்கி நிற்பான். மேனாட்டு மேடை வழக்கில், அவையை நோக்கி நிற்கும் நடிகனின் வலமே வலமாம். சிலம்பில் ஆடுமகள் வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூணைச் சேர்கின்றாள். ஆடி முதிர்ந்தவராகிய தோரிய மடந்தையர் இடத்தூண் பக்கம் நிற்கின்றனர். வலக்காலை அடுத்தே வலத்தூண் கூறப்பட்டமையின், அதுவும் ஆடுவாளின் வலமேயாதல் வேண்டும் என்பது எம் கருத்து. இதற்கொப்ப, எம் பக்கத்து வில்லுப்பாட்டிலும் 'வலத்தே பாடுவோர்', 'இடத்தே பாடுவோர்' என்னும் பாகுபாடு உண்டு. அமரும் இடமே அங்குப் பாடுவோர்க்குப் பெயராயிற்று. சிலம்பின் தூணுக்கும் வில்லின் பக்கத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டெனச் சாதிக்க யாம் துணியவில்லை. மேடையில் இடம் வலம் வகுத்து அதற்குப் பெயரிடும் பழக்கம் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

இனி, கதையின் பகுப்பு. மாணவர் மிகுதியும் தடுமாறுவது இவ்விடத்தே. ஜெர்மானிய ஆசிரியராகிய பிரைட்டாக் என்பார் 1863-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நாடகக் கதையை ஒரு கூர்ங்கோபுரமாக வரைந்து காட்டினார். தொடக்கம், ஏற்றம், உச்சி, இறக்கம், முடிவு என ஐந்து பகுதிகள். உச்சி நடுவே நிற்கும். நம் வகுப்புக்களில் கரும்பலகையில் வரையப்படுவது இப்படமே. அடியார்க்குநல்லாரும் ஐந்து பகுதிகளையே கூறினார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். இவற்றை அவர் விளக்கும் முறையே எம்மைக் கவர்ந்தது. நன்றாக உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் தன்னுள்ளே கருக்கொண்டு பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் வெளிப்பட்டு முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரிட்டு, மாடுவிட்டு மிதித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

கார், பிசானம் என இருபோகம் விளையும் பொருநைக் கரையில் இதனை ஒருவர்க்கு விளக்கவும் வேண்டுமோ? பயிர் பொதிகட்டி நிற்கும் நிலையை உழவர் சுட்டும்போது, வெளியே கதிர் காணப்படாவிடினும் உள்ளே இருத்தலை விரலால் தடவி அறிவர். நாடகத்தின் நடுப்பகுதியும் அத்தகையதே என உரைகாரர் கருதினார். மேனாட்டார் நடுவில் உச்சியை வைத்தனர். இவர் நடுவிற் சூலை வைத்தார். அவர்க்கு இறுதி என்பது வீழ்ச்சி. இவர்க்கு இறுதி என்பது ஊண். இவ்வேற்றுமை பெயரளவில் நிற்பதன்று. வடமொழி நூலாரும் இவ்வைந்து சந்திகளைக் கூறுவராகலின், பகுப்பு முழுதும் தமிழர்க்கே உரியதென யாம் வழக்காடவில்லை. ஆயினும் உழவைக் கொண்டு அதனை நிறுத்திக் காட்டிய விளக்கம் மருதநிலத்து விளக்கம். எம் வயற்காட்டுப் பிள்ளைகளுக்குப் படத்தினும் விரைவிற் பற்றுவது.

சான்றாக மனோன்மணீயத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலும் ஆசிரியப் பணியாற்றியவராகிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் 1891-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியதாயினும், பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியிற் புதுக்கோட்டை கட்டியதாக அமைந்தமையால் எமக்கு அது ஊர்க்கதையே. ஐந்து அங்கம் உடையது. அங்கத்தின் உட்பிரிவுக்கு ஆசிரியர் களம் என்றே பெயரிட்டார். இந்நாடகத்துக்கு உச்சி எதுவென வகுப்பில் வினவப்பட்டபோது, போர்க்களமே என ஒரு சாராரும், சீவகன் தோற்றுக் கோட்டையுட் புகுந்து வருந்துமிடமே என மற்றொரு சாராரும் வாதிட்டு, மணியடிக்குமளவும் முடிவு காணாது கலைந்தனர். உச்சியைத் தேடியதனாலேயே இவ்விடர் வந்தது என்பது எம் கருத்து. கருப்பம் எதுவெனத் தேடின், விடை கண்முன் நிற்கின்றது. சுந்தர முனிவர் கோட்டையுள் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, ஒருவரும் அறியாதபடி சுருங்கை அமைக்கின்றார். நாடகத்தில் அரசனும் அமைச்சனும் படையும் வெளியே ஆரவாரஞ் செய்துகொண்டிருக்க, கதை உண்மையில் வளர்வது அந்நிலவறையின் உள்ளே. கண்ணுக்குப் புலனாகாது பொதிந்திருக்கும் சூல் அதுவேயன்றோ? அமைச்சன் குடிலன் அவ்வழியைக் கண்டு பகைவனாகிய புருடோத்தமனுக்குக் காட்டிக்கொடுக்கப் புகுமிடத்துச் சூல் வெளிப்பட்டு விளைவாகின்றது. வஞ்சகன் விலங்கொடு நிற்க, கனவிற் கண்டவனையே மனோன்மணி நேரிற் கண்டு மாலையிடுதல் துய்த்தல். பழஞ்சொல் ஒன்றால் நூலின் நடை இவ்வளவு விளங்குமாயின், அச்சொல் காட்சிச்சாலையில் வைக்கத்தக்கதன்று, கையிலெடுத்துப் பயன்கொள்ளத்தக்கது.

மற்று, களம் என்னும் சொல்லையும் சற்றே நினைக. போரடிக்கும் இடமும் களம். போர் நிகழும் இடமும் களம். நாடகப் பிரிவும் களம். ஈழத்து மட்டக்களப்புக் கூத்தர் ஆடுமிடத்தைக் களரி என்பர். காட்சி என்பது காண்போன் நோக்கால் வந்த பெயர். களம் என்பது செய்வோன் நோக்கால் வந்த பெயர். இரண்டும் இருக்கலாம். ஒன்றே வேண்டுமெனின் யாம் களத்தையே தெரிந்தெடுப்போம்.

சொல் பற்றிய பகுப்பைச் சுருங்கக் கூறுவோம். நாடகத்துக்குரிய உறுப்புக்கள் 14 என எண்ணுமிடத்து, அடியார்க்குநல்லார் சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என மூன்றாக வகுத்தார். நெஞ்சொடு கூறுவது உட்சொல். கேட்போர்க்கு உரைப்பது புறச்சொல். எதிரே ஒருவருமின்றித் தானே கூறுவது ஆகாயச்சொல். சேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில், வெளியில் மிதக்கும் உடைவாளை நோக்கி அவன் பேசுவது உட்சொல்லோ ஆகாயச்சொல்லோ என்று ஆங்கில வகுப்பு நண்பரை யாம் கேட்டோம். அவர் கற்ற பகுப்பில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. எம் பகுப்பிலோ, தன் நெஞ்சை நோக்கிப் பேசும் பேச்சும் இல்லாத பொருளை நோக்கிப் பேசும் பேச்சும் வேறு வேறாம். அந்நண்பர் இதனைத் தம் கட்டுரையில் எழுதப் போவதாகச் சொன்னார்.

நடிப்போர் பெயர்களில் நிலைமை வேறு. இங்கு நூல்களைவிட மேடையே வளமுடையது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் முதலில் வந்து பவனியை அறிவிப்போன் கட்டியங்காரன். வடபுலத்துத் தெருக்கூத்திற் கட்டியக்காரன் அறிவிப்பதோடு நில்லாது நகைச்சுவையும் விளைப்பான். கதைக்கு உள்ளும் புறமுமாக நடமாடுவான். தென்பாண்டி நாட்டில் வழங்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் வருவோன் பபூன். இம்மூவரையும் 'விதூடகன்' என்னும் ஒரு பெயருக்குள் அடைத்துவிடுதல் கற்றோர் வழக்கு. அது பொருந்தாது, மூவர் தொழிலும் மூன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்னும் கலப்புப் பெயர்களைக் கேட்டு முகஞ்சுளிப்பார் உளர். அப்பெயர்கள் ஏன் நிலைபெற்றன என ஆராயின் சுளிப்பு நீங்கும். ஸ்பெஷல் நாடகத்தில், நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். ஓரிரவுக்கென வேறுவேறு ஊர்களினின்றும் தனித்தனியே அழைக்கப்பட்டு வருவர். ஒத்திகையின்றியே விடியுமளவும் வள்ளி திருமணம் நடிப்பர். அவர்க்குப் பொதுவாயிருப்பது பாடம் ஒன்றே. ஆதலின் ஒருவரை இன்ன பார்ட் என்று சொல்லியே அழைத்தல் வேண்டும். பெயரே அவர் தொழிலுக்கு உறுதிச்சீட்டு. அப்பாடங்களுட் பலவற்றை யாத்தளித்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தவர். நாடகக்காரர் அவரைத் தலைமையாசிரியராகப் போற்றி இன்றும் நினைவு கூர்கின்றனர். அன்னார் வழிவந்தோர் நூறாண்டுக்கு மேலாக வழங்கும் சொல்லை, ஓரெழுத்து ஆங்கிலமென்று கருதி ஒதுக்க யாம் யார்?

இனி எம் உள்ளத்தை வருத்துவதொன்றைக் கூறல் வேண்டும். பொருநைக் கரையூர்களில் சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்குக் கொடை நடக்கும்போது கணியான் கூத்து ஆடப்படுகின்றது. கதையைப் பாடும் தலைவர் அண்ணாவி. அவர்க்குத் துணைநிற்பவர் பக்கப்பாட்டு. மகுடம் என்னும் வட்டப்பறையை முழக்குவோர் இருவர், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். பெண்கோலம் பூண்டு ஆடுவோர் இருவர். கிறித்தவ இல்லங்களிற் பிறந்த எம்மனோரிற் பலர் இதனைக் கண்டதில்லை. கொடை நடக்குமிடத்துக்குச் செல்லலாகாது என எம் பாட்டனார் காலத்தோர் விலக்கினர். சமயம் பற்றி அவர்கள் கொண்ட முடிவைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் வழிபாட்டை விலக்கியபோது அதனோடு கலையும், கலையோடு சொல்லும் எமக்கு அயலாயின என்பது உண்மை. கால்டுவெல் ஐயர் 1849-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலொன்றில் வில் என்னும் இசைக்கருவியைப் பற்றி எழுதினார். அவர்க்கு அது பேரிரைச்சலாகவே பட்டது. இருந்தும், வில்லிற் கட்டிய மணிகள், நாணை அடிக்கும் கோல், வில்லைத் தாங்கும் குடம், தாளம் ஆகிய அனைத்தையும் உற்றுநோக்கி எழுதி வைத்தார். விரும்பாத ஒன்றை அத்துணைக் கருத்தோடு நோக்கியவர் ஊழியஞ் செய்த நாட்டிலே, தமிழை விரும்பிக் கற்கின்றோம் என்று சொல்லும் யாம் வீசுகோல் எது, உடுக்கை எது என அறியாது இருக்கின்றோம்.

சமயத்தின்மேற் பழிபோட்டு ஒதுங்கவும் வழியில்லை. ஈழத்து மன்னார், யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்கர் புனிதர் வரலாறுகளையே கூத்தாகவும் வாசாப்பாகவும் ஆடி வந்துள்ளனர். கிறித்தவப் பெண்ணொருத்தியின் கதையாகிய ஞானசௌந்தரியைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்க, அது தமிழ்நாடெங்கும் நடிக்கப்பட்டது. எம் ஊர்க் கோயில்களிற் கிறிஸ்து பிறப்பு நாடகம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. போர்வையைக் கயிற்றிற் கட்டி, ஞானியர் மூவரும் வருமுன்னரே அஃது அறுந்து விழுவதும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. நாடகம் எமக்கு அயலன்று. அதன் தமிழே அயலாயிற்று.

எம்மோடு பயில்வாருள் வில்லிசைக் குடும்பத்தார் ஒருவர் உளர். தம் தந்தையார் வில்லில் குடம் அடிப்பவர் என்பதனை அவர் நெடுநாள் ஒருவரிடமும் கூறினாரல்லர். 'கூத்தடிக்கின்றாயா' என்பது வசையாக வழங்கும் நாட்டில் அதனைச் சொல்லுதல் எளிதன்று போலும். தேர்வில் அரங்கச் சொற்கள் சிலவற்றை எழுதுமாறு வினா வந்தபோது, அவர் ஆங்கிலச் சொற்களையே எழுதி வந்தார். 'அண்ணாவி, வலத்தே, இடத்தே என எழுதக்கூடாதா?' என்றோம். 'திருத்துவோர்க்கு விளங்குமா?' என அவர் எம்மைத் திருப்பிக் கேட்டார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. பிறந்த நாள்முதல் அறிந்த சொல்லை மறைத்து, முந்தின இரவு மனனஞ்செய்த சொல்லை எழுதினாலன்றி மதிப்பெண் இல்லை என ஒருவர் எண்ணுமாறு கல்வி நடக்குமாயின், அவர் வீட்டில் அச்சொல் அடுத்த தலைமுறைக்கு இராது. புத்தகச் சொல் மறைந்தால் வேறொரு படியிற் காணலாம். வாய்ச்சொல் மறைந்தால் அதற்குப் படியில்லை.

இதற்கு முன்னோர் முயன்றிலரோ எனின், முயன்றனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த சூரியநாராயண சாஸ்திரியார் 1897-ஆம் ஆண்டில் நாடகவியல் என்னும் இலக்கண நூல் இயற்றினார். விபுலாநந்த அடிகள் 1926-ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்கசூளாமணியில், சேக்ஸ்பியர் நாடகங்கள் பன்னிரண்டினை எடுத்துத் தமிழ் வழியில் ஆராய்ந்தார். இவ்விரண்டையும் கல்லாதார் நாடகத் தமிழ் பேசப் புகுதல் கூடாது. ஆனால் அவற்றுட் பெரும்பாலன நூல்வழி வந்த சொற்கள். அவர்கள் விட்ட இடத்தினின்று ஊர்வழிச் சொற்களுக்குச் செல்ல வேண்டியது பின்வந்தோர் கடன். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் துறை ஏற்பட்டு இக்கலைகள் ஆராயப்பட்டமை நன்று. ஆயினும் அது ஆராய்ச்சியாளர்க்குரிய துறையாய் நிற்க, பட்ட வகுப்பில் நாடகம் பயிலும் எம் கையேட்டில் அச்சொற்களுள் ஒன்றும் ஏறவில்லை.

'சொல்லில் என்ன இருக்கிறது? உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சொல்லே இருக்கட்டுமே' என்பார்க்கு ஒரு சொல். ஆங்கிலச் சொல்லைக் கற்க வேண்டா என யாம் கூறவில்லை, கற்கவே வேண்டும். ஆனால் அந்நாட்டார் அச்சொற்களை எங்கிருந்து பெற்றனர்? 'ஸீன்' என்பது யவன மேடையின் பின்னே நின்ற கூடாரத்தின் பெயர். 'தியேட்டர்' என்பது யவனர் அமர்ந்து பார்த்த இடத்தின் பெயர். தம் மேடையில் நின்ற மரத்துக்கும் துணிக்கும் இட்ட பெயர்களே பின்னர் உலகெலாம் பரவின. நம் மேடையின் தூணுக்கும் எழினிக்கும் வில்லுக்கும் குடத்துக்கும் இட்ட பெயர்களை நாமே எழுதி வையாவிடின், யார் எழுதுவர்?

ஆதலின் எம் தமிழ்ப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். கொடை நடக்கும் காலத்தில் மாணவர் நால்வர் ஐவர் ஏட்டோடு சென்று, அண்ணாவிமாரையும் வில்லிசைப் புலவரையும் உரிய மரியாதையோடு கண்டு, அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதி வருதல் வேண்டும். வழிபாட்டிற் கலவாமலே கலையைக் கேட்டறியலாம். அவர்களும் மனமுவந்து கூறுவர். ஆண்டுக்கு இருபது சொற்கள் கிடைப்பினும் இம்மலரில் ஒரு பக்கம் போதும். வினாத்தாள் திருத்தும் ஆசிரியப் பெருமக்களும் அப்பக்கத்தை ஒருமுறை நோக்குதல் வேண்டும்.

முதற் சொல்லை யாமே தருகின்றோம். கல்லூரி நாள் நாடகங்களில் திரைக்குப் பின்னே முக்காலியில் அமர்ந்து, கையிற் சுவடியோடு, மறந்தார்க்கு வரியை எடுத்துக் கொடுக்கும் மாணவர் ஒருவர் உளர். அவரைப் 'பிராம்ப்டர்' என அழைக்கின்றோம். சிலர் 'பின்னுரைப்போர்' என்று ஆக்கிப் பார்த்தனர், அது ஒட்டவில்லை. ஈழத்துக் கூத்தில், ஏட்டைக் கையில் வைத்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர்க்கு ஏட்டண்ணாவியார் என்று பெயர். அண்ணாவி என்னும் சொல் எம் கரையிலும் உண்டு, அக்கரையிலும் உண்டு. வருகின்ற கல்லூரி நாள் நாடகத்தின் அழைப்பிதழில், நடிப்போர் பெயர்களுக்குக் கீழே அவர் பெயரையும் அச்சிட்டு, அருகே 'ஏட்டண்ணாவி' எனக் குறித்தல் வேண்டுமென நாடகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம்.